சீனாய் மலை ஏறப் போகிறவர்களுக்கு: மடத்தின் கதவு திறக்கும் நாளை முதலில் பாருங்கள்

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ யாராவது புனித நாட்டுப் பயணத்துக்குப் பேர் கொடுத்துவிட்டால், எகிப்திலிருக்கிற சீனாய் மலைக்குப் போய் வந்தவன் என்று என்னைத் தேடி வந்து கேட்கிற கேள்வி ஒன்றுதான். "மலை ஏற முடியுமா, முட்டி தாங்குமா?" முடியும், தாங்கும். என் அம்மா 62 வயதில் ஏறினார், அதற்கு முன்னால் கொடைக்கானலுக்குக்கூட பஸ்ஸில் மட்டுமே போனவர். ஆனால் மலையடியில் இருக்கிற மடத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்பதில்லை. எனக்கு அதுதான் வருத்தம், ஏனென்றால் முதல் தடவை நானும் கேட்காமல்தான் போனேன்.

அந்தத் தடவை குழுவோடு போனோம். இரவு பதினோரு மணிக்கு விடுதியில் இறக்கினார்கள், ஒரு மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பினார்கள், தூக்கக் கலக்கத்திலேயே ஏறி, உச்சியில் சூரியனைப் பார்த்து, இறங்கி மடத்து வாசலுக்கு வந்தால் கதவு சாத்தியிருக்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பார்வையாளருக்கு அனுமதி இல்லாத நாள் என்பதை ஏற்பாடு செய்தவர்கள் பார்க்கவே இல்லை. 1,400 வருஷத்துக்கு மேலாக நிற்கிற மதிலை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன், அந்த ஏக்கம் ஊர் வந்தும் தீரவில்லை. அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது நாள்காட்டியில் இருந்துதான் எல்லாவற்றையும் தொடங்கினேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

மடத்தின் பெயர் புனித கத்தரீனாள் மடம். வரைபடத்தில் செயின்ட் கேத்தரின் என்று தேடினால் ஊரும் மடமும் சேர்ந்து வரும். வழக்கமாகக் காலை 9 மணிக்குத் திறந்து 12 மணிக்குள் சாத்திவிடுவார்கள். வெள்ளி, ஞாயிறு இரண்டும் பொதுவாக விடுமுறை, அப்புறம் ஆர்த்தடாக்ஸ் திருநாள்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே இருப்பவர்கள் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் துறவிகள், அவர்களுடைய ஈஸ்டர் பல வருஷங்களில் நம்முடைய ஈஸ்டர் அன்று வராது. நம் பங்கு நாள்காட்டியைப் பார்த்து நாள் குறித்தால் ஏமாந்துவிடுவீர்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அந்த ஊர் விடுதிக்கோ வழிகாட்டிக்கோ ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, "இந்தத் தேதியில் மடம் திறந்திருக்குமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழுவாகப் போனாலும் ஏற்பாடு செய்பவரிடம் இந்த ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.

என் கணக்கு இதுதான்: அந்த ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். திங்கள் மாலை போய்ச் சேர்ந்து நன்றாகத் தூங்குங்கள். செவ்வாய் காலை மடம், மதியம் மலை, அல்லது அன்று முழுக்க ஓய்வெடுத்துவிட்டு புதன் விடியலுக்கு மலை. ஒரே இரவில் வந்து ஏறி இறங்கி ஓடினால் உடம்புக்கும் கஷ்டம், மனசிலும் ஒன்றும் தங்காது.

சரி, போவது எப்படி? எகிப்து விசாவை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள், விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தூதரக இணையதளத்தில் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம். திருச்சி அல்லது மதுரையிலிருந்து வளைகுடா போய், அங்கிருந்து கெய்ரோவுக்கோ ஷர்ம் எல் ஷேக்குக்கோ விமானம் மாறலாம். ஷர்மிலிருந்து மடம் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல், காரில் மூன்று மணி நேரம். தஹாப் என்ற கடற்கரை ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கெய்ரோவிலிருந்து வந்தால் சூயஸ் கால்வாய்க்கு அடியில் போகும் சுரங்கப்பாதையைக் கடந்து கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்கப் பயணம். வழியெங்கும் சோதனைச் சாவடிகள் இருக்கும், பாஸ்போர்ட் பெட்டிக்குள் இல்லாமல் கையிலேயே இருக்கட்டும். சீனாயின் வடபகுதிப் பக்கம் போகவே வேண்டாம், கிளம்பும் வாரத்தில் நம் வெளியுறவுத் துறையின் அறிவிப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இப்போது உடம்பு. நம் மாவட்டத்தில் மலை கிடையாது. கந்தமாதன பர்வதம் என்று பேர்தான், ராமேசுவரம் தீவிலேயே உயர்ந்த மணல்மேடு அது, அவ்வளவுதான். அதனால் ஏற்றம் என்பது நம் காலுக்குப் பழக்கமில்லாத வேலை. சீனாய் உச்சி 2,285 மீட்டர், கொடைக்கானல் ஊரைவிடக் கொஞ்சம் உயரம், தொட்டபெட்டாவைவிடக் குறைவு. ஆனால் மடமே 1,500 மீட்டருக்கு மேல் இருப்பதால், நீங்கள் நிஜமாக ஏறப்போவது 700 மீட்டர் உயரம்தான். இரண்டு மாதம் முன்பிருந்தே நடங்கள். தனுஷ்கோடிப் பக்கம் மணலில் நடந்தால் கணுக்காலுக்கு நல்ல பலம் வரும். ஆனால் மணல் மட்டும் போதாது, படி வேண்டும். பக்கத்தில் நாலு மாடிக் கட்டடம் ஏதாவது இருந்தால் தினம் பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும், அதனால் இறங்குவதையும் பயிற்சியாகவே செய்யுங்கள். மலையின் கடைசிப் பகுதியில் 750 படி இருக்கிறது. தைப்பூசத்துக்கு நடந்து போய்ப் பழநிப் படி ஏறியவர்களுக்குச் சொல்கிறேன், ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் இங்கே படி என்பது செதுக்கிய படி இல்லை, ஒழுங்கில்லாமல் அடுக்கிய பாறைத் துண்டு. இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஏறாதீர்கள். அதற்காக வராமலே இருந்துவிடவும் வேண்டாம், மடத்துக்குப் படி ஏறத் தேவையில்லை.

அப்புறம் குளிர். இதை நம் ஆட்கள் யாரும் நம்புவதில்லை. பாலைவனம் என்றால் வெயில் என்றுதான் நினைக்கிறார்கள். மார்கழி வாடைக்காற்றுக்கே தலையில் துண்டு கட்டுகிற கரை நம்முடையது. அங்கே டிசம்பர், ஜனவரி இரவில் உச்சியில் பூஜ்யத்துக்குக் கீழே போகும், சில வருஷம் பனியே விழும். முதல் தடவை நான் ஒரு மெல்லிய ஸ்வெட்டரோடு ஏறினேன், உச்சியில் நின்றபோது விரல் விறைத்து, தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவர்தான் திறந்து கொடுத்தார். மார்ச், ஏப்ரல் அல்லது அக்டோபர், நவம்பரில் போவது நல்லது, அப்போதும் குளிருடை வேண்டும். ஒரே கனத்த கோட்டைவிட மூன்று நாலு மெல்லிய அடுக்காகப் போடுங்கள். ஏறும்போது வேர்க்கும், ஒன்றைக் கழற்றலாம். உச்சியில் உட்கார்ந்தவுடன் அந்த வேர்வையே குளிராக மாறும், எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டும். பனியனை வேர்வை நனைத்திருந்தால் மாற்ற இன்னொன்று பையில் இருக்கட்டும். மங்கி குல்லா, கையுறை, கம்பளிக் காலுறை கட்டாயம். ஷூ புதுசாக வாங்கினால் ஊரிலேயே ஒரு மாதம் போட்டுப் பழக்கிவிடுங்கள், செருப்பு வேண்டவே வேண்டாம். தலையில் மாட்டும் டார்ச் இருந்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும். காற்று ரொம்ப வறட்சி, கடலோரத்து ஈரப்பதத்தில் வளர்ந்த நம் உதடு ஒரே நாளில் வெடித்துவிடும், தேங்காய் எண்ணெய் சின்ன டப்பாவில் எடுத்துப்போங்கள்.

தின்பதற்கு நான் எடுத்துப்போனது சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியும் கடலைமிட்டாயும். கீழக்கரைத் தொதல் கொஞ்சம் கிடைத்தால் விடாதீர்கள், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்தது, நாலு நாள் கெடாது, குளிரில் ஒரு துண்டு வாயில் போட்டால் உடம்பு சூடாகிறது. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். குளிரில் தாகம் தெரியாது, தெரியாவிட்டாலும் குடியுங்கள்.

மடத்துக்குள் போகும் காலைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் கட்டளைப்படி கி.பி. 548க்கும் 565க்கும் இடையில் கட்டிய மதில், இன்றும் அதற்குள் துறவிகள் செபிக்கிறார்கள். ஒரு காலத்தில் இந்த மதிலில் வாசலே திறந்து வைக்க மாட்டார்கள், வருகிறவரைக் கூடையில் உட்காரவைத்துக் கயிற்றால் மேலே இழுப்பார்களாம். இப்போது நாம் குனிந்து நுழைவது பக்கத்தில் இருக்கிற சின்ன வாசல். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், சேலை, சுடிதார், வேட்டி எல்லாம் சரிதான், அரைக்கால் சட்டை ஆகாது. ஆலயத்துக்குள் படம் எடுக்கக் கூடாது, போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

9 மணிக்குக் கதவு திறக்கும்போதே முன்னால் நில்லுங்கள். ஷர்மிலிருந்து வரும் பஸ்கள் பத்து மணி வாக்கில் வந்து நெரியும். முதல் அரை மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் அமைதி, அதை எரியும் முட்செடிக்குக் கொடுங்கள். வட்டமான கல் மேடைக்கு மேலே பச்சையாகப் படர்ந்து தொங்குகிறது. தீப்பற்றியும் கருகாமல் நின்று, அதிலிருந்து கடவுள் பேசியதாக மோசே கண்ட செடி இதுதான் என்பது மடத்தின் மரபு. முள்ளுக்காட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு முட்செடி என்ன புதுசு என்று தோன்றும். ஆனால் சுற்றிலும் ஒரு புல் கூட முளைக்காத செம்மண் நிறப் பாறையை வழியெல்லாம் பார்த்துவிட்டு வந்து இந்தப் பச்சையைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது. இலையைப் பறிக்காதீர்கள், நம் ஆட்கள் வீட்டுக்கு எடுத்துப்போகத் துடிப்பார்கள், தடுத்துவிடுங்கள். "உன் பாதரட்சையைக் கழற்று, நீ நிற்கிற இடம் பரிசுத்த பூமி" என்று மோசேக்குச் சொல்லப்பட்டது இங்கேதான் என்று நம்புகிறார்கள். குர்ஆனிலும் மூஸா நபியிடம் துவா பள்ளத்தாக்கில் செருப்பைக் கழற்றச் சொல்லும் வசனம் இருக்கிறது. செடியின் வேர் இருந்ததாகச் சொல்லும் இடத்தின் மேல், ஆலயப் பீடத்துக்குப் பின்னால் ஒரு சிற்றாலயம் உண்டு, அதற்குள் போகிறவர்கள் இன்றும் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் போகிறார்கள். நமக்குப் பெரும்பாலும் அதுவரை அனுமதி இருக்காது.

பக்கத்திலேயே மோசேயின் கிணறு. அதற்கும் அப்பால், மதிலுக்குள்ளேயே, ஆலயத்துக்கு எதிரே ஒரு பள்ளிவாசல் இருப்பதைப் பாருங்கள். எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய முஸ்லிம் அரசர்கள் காலத்தில் வந்தது. முகம்மது நபி இந்த மடத்துக்குப் பாதுகாப்பு அளித்து, தன் கையை அச்சாகப் பதித்துக் கொடுத்த கடிதம் என்று ஒன்றின் படியை மடம் வைத்திருக்கிறது. ஏர்வாடி தர்காவுக்கு எல்லா சாதி சனமும் போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டு கோபுரமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது அந்நியமாகத் தெரியாது. என்னோடு வந்த கீழக்கரை நண்பர் அங்கே நின்று கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டார். நம் ஊரில் மேற்கே திரும்பித் தொழுகிறவர், அங்கே தென்கிழக்கே திரும்ப வேண்டியிருந்தது. அதை அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மடத்தின் அருங்காட்சியகத்துக்குத் தனி டிக்கெட், தயங்காமல் எடுங்கள். 6ஆம் நூற்றாண்டில் மெழுகில் நிறம் குழைத்து வரைந்த கிறிஸ்துவின் படம் மடத்தின் பெரிய செல்வம். முகத்தின் ஒரு பாதி கனிவாகவும் மறுபாதி கண்டிப்பாகவும் இருக்கும், ஒரு கையால் பாதியை மறைத்து மறைத்துப் பாருங்கள். நூலகத்தில் 3,300க்கு மேல் கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன, அதற்குள் நமக்கு அனுமதி இல்லை. 4ஆம் நூற்றாண்டு விவிலியப் பிரதியான கோடெக்ஸ் சினாய்ட்டிகஸ் இங்கே இருந்ததுதான். 1844இல் தொடங்கி ஒரு ஜெர்மானிய அறிஞர் வழியாக அதன் பெரும்பகுதி வெளியே போனது, இன்று அதிகப் பக்கங்கள் லண்டனில் இருக்கின்றன. 1975இல் ஒரு பழைய அறையில் இன்னும் சில பக்கங்கள் கிடைத்தன. இந்த வறண்ட காற்றுதான் அத்தனை ஏட்டையும் காப்பாற்றியது, நம் கடற்காற்றில் ஓலைச்சுவடி படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எலும்புக் காப்பகம் திறந்திருந்தால் அதையும் பாருங்கள். பாறை நிலத்தில் புதைக்க இடம் குறைவு, அதனால் பழைய துறவிகளின் எலும்பை எடுத்து அடுக்கி வைத்துவிட்டு அந்தக் குழியை அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். குழந்தைகள் கூட வந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி மலை. தனியாக ஏற முடியாது, உள்ளூர் பெடூயின் (பாலைவன அரபுப் பழங்குடி) வழிகாட்டி ஒருவர் கட்டாயம் கூட வருவார். ஜெபெலியா என்ற குலத்தவர் அவர்கள், ஜஸ்டினியன் காலத்தில் மடத்தைக் காக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்கிறார்கள். கூலியைக் கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், சில்லறை நோட்டாக எகிப்து பவுண்டு கையில் வையுங்கள்.

பாதை இரண்டு. ஒட்டகப் பாதை அகலமானது, வளைந்து வளைந்து போகும், ஏற மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று மடத்துக்குப் பின்னால் நேர்குத்தாக ஏறும் மனந்திரும்புதல் படிகள், உச்சி வரை எண்ணினால் 3,750 என்பார்கள், ஒரு துறவி தவமாகப் போட்டது என்பது மரபு. இரவில் அந்தப் பக்கம் போகாதீர்கள். பகல் வெளிச்சத்தில், முட்டி நன்றாக இருந்தால், இறங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் வழியில் ஒரு கல் வளைவு வரும். பழைய நாளில் ஸ்தேவான் என்ற துறவி அங்கே உட்கார்ந்து ஏறுகிறவர்களின் பாவசங்கீர்த்தனம் கேட்பாராம். அவருடைய உடல்தான் கீழே எலும்புக் காப்பகத்தில் அங்கி போர்த்தி உட்காரவைக்கப்பட்டிருக்கிறது. 4ஆம் நூற்றாண்டுக் கடைசியில் இங்கே வந்த எகேரியா என்ற பெண் யாத்திரிகர், சுவரில் ஏறுவதுபோல நேராக ஏற வேண்டியிருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் படியில் இறங்கும்போது எனக்கு அவர் நினைவுதான்.

விடியலைப் பார்க்க வேண்டுமானால் உதயத்துக்கு நாலு மணி நேரம் முன்பே கிளம்புங்கள், கூட்டம் இருக்கும். நான் அம்மாவைக் கூட்டிப்போனது மதியம், அஸ்தமனத்துக்கு. ஏறும்போது வெளிச்சம், எங்கே கால் வைக்கிறோம் என்று தெரிகிறது, உச்சியில் பத்துப் பேர்தான். இறங்கும்போது இருட்டிவிடும், ஆனால் ஒட்டகப் பாதை அகலம், டார்ச் இருந்தால் பயமில்லை. வயதானவர்களோடு போனால் இதையே செய்யுங்கள். முடியாதவர்கள் ஒட்டகம் எடுக்கலாம், அது 750 படி தொடங்கும் இடம் வரைதான் வரும். ஒட்டகத்தில் உட்கார்ந்தால் கால் அசைவில்லாமல் விறைக்கும், குளிர் அதிகம் தெரியும், இறங்கும்போது சரிவில் ஒட்டகம் வேண்டாம்.

நடை விஷயத்தில் ஒரே ஒரு யோசனை: பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தைத் தாண்டாதீர்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நில்லுங்கள், உட்கார வேண்டாம், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. வழியில் கல் அடுக்கிக் கட்டிய டீக்கடைகள் வரும். உள்ளே ஒரு பையன் கரிபிடித்த கெட்டிலை அடுப்பிலிருந்து தூக்கி, சின்னக் கண்ணாடித் தம்ளரில், பாதி சர்க்கரை இருக்குமோ என்கிற அளவு தித்திப்பாகக் கறுப்பு டீ ஊற்றுவான், மலையில் பறித்த ஏதோ ஒரு மூலிகை இலை மிதக்கும். அம்மா அந்தத் தம்ளரைக் குடிக்காமல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துக்கொண்டே நின்றார், கை சூடான பிறகுதான் வாயில் வைத்தார். அங்கேயே வாடகைக்குக் கம்பளியும் கிடைக்கும்.

கடைசி 750 படியில் 50 படிக்கு ஒருதடவை நின்றோம். நிறையக் காலடி பட்டு நடுப்பகுதி வழவழவென்று தேய்ந்திருக்கும், ஓரமாகக் கால் வையுங்கள், கோல் ஒன்று கட்டாயம் வேண்டும். உச்சியில் 1934இல் கட்டிய சிற்றாலயமும் சின்னப் பள்ளிவாசலும் இருக்கின்றன, இரண்டும் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். மோசே பத்துக் கட்டளை பெற்ற மலை இதுதானா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள், ஏறி முடித்தவரிடம் அந்த விவாதத்தைத் தொடங்காதீர்கள். பாட்டை சத்தமாக வைக்காதீர்கள், பிளாஸ்டிக் கவரைப் பையிலேயே கீழே கொண்டுவாருங்கள், பாறையில் பேர் எழுதாதீர்கள்.

ஓரியூர் அருளானந்தர் திருத்தலத்துக்கு வெறுங்காலில் நடந்து பழகிய அம்மா, உச்சிக்கு வந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டார். பாறை பனிக்கட்டி மாதிரி இருந்தது, வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஒரு நிமிஷம் நின்றுவிட்டுக் காலுறையை மாட்டிக்கொண்டார். நீங்கள் கழற்றுவதானால் நிஜமாகவே ஒரு நிமிஷம்தான், அதற்கு மேல் விறைத்த காலோடு இறங்குவது ஆபத்து.

இறங்கிய இரவு முட்டிக்கு எண்ணெய் தேய்த்து, வெந்நீரில் காலை வையுங்கள். மறுநாள் உடனே வண்டியைப் பிடிக்காதீர்கள், அதற்குத்தான் இரண்டாவது இரவு. மடம் திறந்திருக்கும் நாளாக இருந்தால் காலை 9 மணிக்கு இன்னொரு தடவை உள்ளே போய்விட்டுக் கிளம்புங்கள். நாங்கள் அப்படித்தான் போனோம். முதல் நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்த அம்மா, இரண்டாம் நாள் வேறு எங்கேயும் வரவில்லை, நேராக முட்செடிக்கு எதிரே போய், பஸ் கூட்டம் வந்து நெருக்கும் வரை அங்கேயே நின்றார்.